போர்வையைச் சரிசெய்யும் பேய்

ஜனவரி 11

மருமகளுக்கு,

நான் சௌக்கியம். மாடிப்படியைப் பார்த்தால் முழங்கால் முனகுகிறது, அவ்வளவுதான். நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நலம்தானே? மூன்று மாதம் முடிந்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாந்தி நின்றதா? இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே, உடம்பில் ஒட்டாது. இதைச் சொல்ல மாமியார் வேண்டியதில்லை, ஒரு நர்ஸ் போதும். உனக்கு இரண்டும் ஒரே ஆளாக வாய்த்துவிட்டது.

போனில் பேசலாமே என்பாய். உன் புருஷனோடு போனில் பேசுவது எப்படி என்று உனக்கே தெரியும். "ம்", "சரி", "வெக்கறேன்". உன் மாமனாரும் போய்விட்ட பிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. முப்பது வருஷம் வார்டில் நைட் ரிப்போர்ட் எழுதின கை, சும்மா இருந்தால் அரிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காமல் படி. நான் பேயாகிவிட்டேன்.

பக்கத்துக் காலி வீட்டில் பத்து நாளாகச் சினிமா எடுக்கிறார்கள். ஜெனரேட்டர் சத்தத்தில் என் காது போய்விடும் போலிருந்தது. நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன். ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு ஆள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் டைரக்டர் என்று பிறகு தெரிந்தது. பின்னால் போய் நின்றேன். திரும்பியவர் அலறியதில் டீ முழுக்கச் சட்டையில்.

"எப்பம்மா வந்தீங்க? சத்தமே கேக்கலையே?"

"தூங்கறவங்களுக்கு நடுவுல முப்பது வருஷம் நடந்த கால் தம்பி, சத்தம் போடாது" என்றேன்.

டாக்டர்கள் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படி என்னைப் பார்த்தார். பேய் வேஷத்துக்கு வந்த நடிகைக்கு அம்மை போட்டுவிட்டதாம். வயசான காலத்தில் இது தேவையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் வருவதற்குள் தலையை ஆட்டிவிட்டேன். புகார் சொல்லப் போனவள் வேலையோடு திரும்பினேன்.

உன் புருஷனிடம் இப்போதைக்குச் சொல்லாதே. கனமான எதையும் தூக்காதே.

உன் மாமியார்


ஜனவரி 23

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை மற்றவர்களுக்குச் சொல்வதோடு சரியா?

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள். பேயின் பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டவள் எந்த மரம் ஏறுவது என்று தெரியவில்லை. கடையில் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். ஆனால் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுக்க வருகிறவர்கள் எல்லோரும், நான் ஏன் தனியாகச் சிரிக்கிறேன் என்று பார்க்கிறார்கள்.

வாந்தி நின்றுவிட்டது. இங்கே குளிர்தான் தாங்கவில்லை. உங்கள் பிள்ளை இந்தக் குளிரிலும் ஃபேனை நிறுத்த விடுவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்து. இரண்டு போர்வைக்குள் நான் நடுங்குவேன், தலைக்குமேல் அது கடகடவென்று சுற்றும். காற்றுக்காகத்தான் என்றால் சத்தம் போடாத புது ஃபேன் வாங்கலாம் என்றேன். அதுவும் வேண்டாமாம். இதுவே நன்றாக இருக்கிறதாம். ஊர் லிஃப்டையெல்லாம் சத்தமில்லாமல் ஓட வைக்கிற மெக்கானிக்குக்கு வீட்டு ஃபேன் மட்டும் கத்த வேண்டும்.

அத்தை, ஒன்று கேட்கிறேன். ஜூலை முதல் வாரம் என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். எனக்கு அம்மா இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்து என்னோடு இருக்க வேண்டும். போன தடவை மாதிரி மூன்றாம் நாளே பெட்டியைக் கட்டக் கூடாது. மூன்று மாதமாவது இருக்க வேண்டும். இவரிடமும் சொன்னேன். ஃபேன் சுவிட்சைப் பார்த்துக்கொண்டே "அவங்க இஷ்டம்" என்றார்.

உங்கள் இஷ்டத்தைச் சீக்கிரம் எழுதுங்கள்.

அன்புடன்,
மருமகள்


பிப்ரவரி 5

மருமகளுக்கு,

இங்கே எல்லாம் நல்லபடி. கால் வீங்குகிறதா என்று தினமும் விரலால் அழுத்திப் பார். குழி விழுந்தால் எனக்கு எழுதாதே, டாக்டரிடம் ஓடு. உன் புளியமரத்தை நினைத்து இரண்டு நாள் சிரித்தேன்.

சினிமா என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். வார்டு மாதிரிதான் இருக்கிறது. எல்லோரும் காத்திருக்கிறார்கள், யாருக்காக என்று யாருக்கும் தெரியவில்லை. பகல் பதினோரு மணிக்கு ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கிவிட்டார்கள். எனக்கு முகம் முழுக்க வெள்ளை பூசி, கண்ணைச் சுற்றி மை அப்பினார்கள். கண்ணாடியில் பார்த்தேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. நைட் டூட்டி முடிந்து காலையில் வீடு திரும்பும்போது இப்படித்தான் இருப்பேன்.

கதையும் பிரமாதம் இல்லை. வாடகைக்கு வந்த ஒருவனை, அந்த வீட்டில் செத்துப்போன கிழவி வந்து கழுத்தை நெரிக்கிறாள். எட்டுத் தடவை நெரித்தேன். எட்டுத் தடவையும் யாராவது சிரித்தார்கள். டைரக்டர் தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது. இதற்குள் கட்டிலில் கிடந்த ஹீரோ அந்த இருட்டுக்கு நிஜமாகவே தூங்கிவிட்டான். அது யாருக்கும் தெரியாது.

ஒன்பதாவது தடவை போகச் சொன்னார்கள், போனேன். தூங்குகிற ஆளைப் பார்த்ததும் என் காலும் கையும் பழைய வேலையில் போய்ச் சேர்ந்துவிட்டன. கால்மாட்டில் நின்றேன். குனிந்து, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். நிமிஷத்துக்குப் பதினாறு. போர்வை விலகியிருந்தது. கழுத்துவரை இழுத்துவிட்டேன். அடுத்த கட்டிலுக்குப் போகலாம் என்று திரும்பினேன். அங்கே கட்டில் இல்லை, கேமராதான் இருந்தது. இது யார் புதுசாக என்று அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

"நெரிக்கவே மறந்துபோச்சு தம்பி, மன்னிச்சுக்கோங்க" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கேமராக்காரர் பெரிய உடம்பு, பார்த்தால் மல்யுத்தம் செய்கிறவர் மாதிரி இருப்பார். அவர், "அம்மா என்னைத் திரும்பிப் பாத்தப்ப கேமராவை விட்டுட்டு ஓடப் பாத்தேன் சார்" என்றார். அன்றே கதையை மாற்றிவிட்டார்கள். இனி யாரையும் நெரிக்க வேண்டாமாம். ஒவ்வொரு அறையாகப் போய் இதையே செய்ய வேண்டுமாம். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆகிவிட்டது.

ஹீரோவுக்கு மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது, மூச்சுச் சத்தத்திலேயே தெரிகிறது. டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமியார்


பிப்ரவரி 17

அத்தைக்கு,

நலம். கால் வீங்கவில்லை, குழியும் விழவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஹீரோ மூக்கில் சதை வளர்ந்த சமாசாரம்வரை எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை.

அதனால் நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் நீங்கள் இங்கே வந்தபோது, மூன்றாம் நாள் விடியற்காலையில் இவர் கத்தினார். நான் எழுந்து பார்த்தேன். நீங்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தீர்கள். "இன்னுமா என்னைப் பாக்கறே?" என்று கேட்டார். நீங்கள் வெளியே போய்விட்டீர்கள். அன்றே கிளம்பியும் விட்டீர்கள். முழங்கால் வலி என்று என்னிடம் சொன்னீர்கள். இவரும் அதையேதான் சொன்னார். அம்மாவும் பிள்ளையும் ஒரே பொய்யைச் சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் எதைக் கேட்டார், அத்தை? தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இல்லையா?

மருமகள்


மார்ச் 30

மருமகளுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முழங்கால் கொஞ்சம் படுத்திவிட்டது. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? குழந்தை அசைவது தெரிகிறதா?

படத்தில் என் வேலை முடிந்தது. எனக்கு வசனமே கிடையாது. ஆனாலும் ஒரு நாள் குரல் கொடுக்கக் கூப்பிட்டு, மைக்கின் முன்னால் மூச்சு மட்டும் விடச் சொன்னார்கள். மே மாதம் வெளிவருமாம். படத்தின் பெயர் என் வாயில் நுழையவில்லை. நாலு நாள் ஓடினால் பெரிசு என்று அவர்களே பேசிக்கொள்கிறார்கள்.

ஜூலைக்கு உன் சித்தியை வரச்சொல்வது நல்லது. இல்லையென்றால் என்னோடு வேலை பார்த்த ஆயா ஒருத்தி இருக்கிறாள், தங்கமானவள். அனுப்பிவைக்கிறேன்.

நீ கேட்ட மற்றது ஒன்றும் இல்லை. அவன் ஏதோ தூக்கத்தில் உளறியிருப்பான்.

உன் மாமியார்


மே 12

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். குழந்தை உதைக்கிற உதையில் கடையில் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. இவர் உடம்பு நலம்தான். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

உங்கள் படம் இங்கேயும் வந்துவிட்டது. முதல் நாள் தியேட்டரில் ஈ ஓட்டினார்கள். பேப்பரில் ஒருவன், பார்க்கத் தேவையில்லாத படம் என்று நாலு வரியில் முடித்திருந்தான். நாலாம் நாள் தெருமுனைவரை வரிசை நின்றது. கடையில் கண்ணாடி தேய்க்கிற அண்ணன் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் லீவு போட்டுவிட்டார். ரத்தம் இல்லை, கோரைப்பல் இல்லை, ஒரு அம்மா வந்து போர்வையை இழுத்துவிட்டுப் போகிறாள், அதற்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்று என்னிடமே கேட்கிறார். அது என் மாமியார் என்று எப்படிச் சொல்ல? இப்போது பாதி ஊர் தாங்களே கழுத்துவரை இறுக்கி மூடிக்கொண்டுதான் படுக்கிறது, நீங்கள் வந்து இழுத்துவிட வேண்டிய அவசியம் வரக் கூடாது என்று.

சுவரொட்டியில் உங்கள் பாதி முகம் இருக்கிறது. இனி மறைக்க முடியாது என்று இவரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் அந்தச் சுவரின் முன்னால் நின்றுவிட்டு "போலாம்" என்றார். ஞாயிறு பகல் காட்சிக்குப் போனோம்.

அத்தை, நான் உங்களைத் தெரிந்தவள். உங்கள் கையால் சாப்பிட்டவள். நீங்கள் அந்த அறைக்குள் வந்ததும் நானே முந்தானையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டேன். அதுவரை கத்திக்கொண்டிருந்த இசை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. தியேட்டரில் ஒரு இருமல்கூட இல்லை. நீங்கள் குனிந்தீர்கள். பார்த்தீர்கள். இழுத்துவிட்டீர்கள். அப்புறம் திரும்பி எங்கள் எல்லோரையும் பார்த்தீர்கள். பின்னால் யாரோ "ஐயோ, அடுத்தது நாமதான்" என்றார்கள். நான் இவர் கையைப் பிடிக்கத் தேடினேன். நாற்காலி காலியாக இருந்தது.

வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில், தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. இவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"அது நடிப்பு இல்ல. அம்மா தினமும் அப்படித்தான் வருவாங்க. தங்கச்சி போனதுக்கப்புறம், தினமும்" என்றார்.

உங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்து சின்ன வயதிலேயே தவறிவிட்டது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். கேட்டால் இவர் பேச்சை மாற்றிவிடுவார், நானும் விட்டுவிடுவேன். அன்று விடவில்லை. அதற்கு அவர் சொன்னது இதுதான்: "அம்மாவுக்குத் தெரியும். அதான் பாத்துக்கிட்டே இருந்தாங்க." என்ன தெரியும் என்று கேட்டேன். எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு நீங்கள் இரண்டு பேரும் வேண்டும். இன்னும் இரண்டு மாதத்தில் இந்த வீட்டுக்கு ஒரு குழந்தை வருகிறது. உங்கள் நடுவில் கிடப்பதைத் தெரியாமல் அது மிதிக்கக் கூடாது.

மருமகள்


மே 20

மருமகளுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இந்த நேரத்தில் உனக்கு இவ்வளவு கவலையைக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் பாகம் எடுக்கலாம் என்று டைரக்டர் தம்பி பழத்தோடு வந்தார். நன்றாக ஓடுகிறதாம். பழத்தை வாங்கிக்கொண்டு, முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

என் பெண்ணை நாங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சுண்டு என்போம். நாலு வயது. உன் புருஷனுக்கு அப்போது ஒன்பது. மழைக்காலம் வந்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும். அன்று எனக்கு நைட் டூட்டி. காலை ஏழரைக்கு வீட்டுக்கு வந்தேன். உன் மாமனார் வாசலில் நின்றிருந்தார். இதற்குமேல் எழுத வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு தூங்குகிற யாரைப் பார்த்தாலும் எனக்கு மூச்சை எண்ண வேண்டும். எண்ணாமல் நகர முடியாது. டூட்டி முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவன் கட்டிலுக்குப் போவேன். எண்ணி முடித்த பிறகுதான் கை கழுவுவேன். அவன் தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன். விழித்துக்கொண்டு பயந்து கிடந்தான் என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு நாள் என்னை அடக்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் முடியவில்லை. அவன் கத்தியபோது முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, பயம். பெற்ற பிள்ளைக்கே நான் பேய்தான் என்று அன்று தெரிந்தது. முகத்துக்கு வெள்ளை பூசியதெல்லாம் பிறகு.

எனக்கு என்ன தெரியும் என்று அவன் நினைக்கிறான் என்பது எனக்குப் புரியவில்லை.

நான் வரமாட்டேன், கண்ணம்மா. பிறந்த குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. நடுவில் சில விநாடி நின்று, மறுபடி ஓடும். அது இயல்புதான். எத்தனையோ தாய்மார்களுக்கு நானே தைரியம் சொல்லியிருக்கிறேன். ஆனால் உன் குழந்தைக்கு அந்தச் சில விநாடி நிற்பதை நான் தாங்கமாட்டேன். உங்கள் யாரையும் தூங்கவிடமாட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் பேயாகவும் இருக்கிறேன், அரண்டும் கிடக்கிறேன்.

இதை அவனிடம் காட்டுவதானால் காட்டு.

உன் மாமியார்


ஜூன் 1

அம்மாவுக்கு,

இங்கே நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் கடிதத்தை உன் மருமகள் கொடுத்தாள். எனக்குக் கடிதம் எழுத வராது. லிஃப்ட் பழுதானால் ரிப்போர்ட் எழுதத்தான் தெரியும். என்ன நடந்தது, யார் இருந்தார்கள், யார் என்ன செய்தார்கள். அப்படியே எழுதுகிறேன்.

அன்று நானும் சுண்டுவும் ஒரே கட்டிலில் படுத்திருந்தோம். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அப்பா பக்கத்து அறையில் இருந்தார். அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. எனக்கு மறுநாள் பரீட்சை. "சத்தம் போடாதடி" என்று சொல்லி விரலை உருவிக்கொண்டேன். அப்பாவை எழுப்பலாமா என்று நினைத்தேன். திட்டுவார் என்று எழுப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அம்மா. அப்பாடா, தூங்கிவிட்டாள் என்று நானும் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு சத்தமில்லாத அறையில் என்னால் படுக்க முடிவதில்லை. ஃபேன் அதற்குத்தான். நீ தினமும் வந்து கால்மாட்டில் நிற்பாய். அம்மா நர்ஸ், அம்மாவுக்கு எல்லாம் தெரியும், நான் விழித்திருந்ததையும் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். என்றைக்காவது கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

இருபத்தேழு வருஷம் கழித்துச் சொல்கிறேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் நடந்தது இதுதான்.

உன் மகன்


ஜூன் 6

மகனுக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. நேற்று அடுப்பு மூட்டவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய் என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் உன் கணக்கு எனக்கு எப்போதும் தப்பிக்கொண்டே இருந்தது. தப்பத் தப்ப, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அதனால்தான் அவ்வளவு நேரம் நின்றேன். நான் போக வேண்டும் என்று நீ மூச்சை அடக்கினாய், உனக்கு மூச்சு வர வேண்டும் என்று நான் நின்றேன். இதை நினைத்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

நீ ரிப்போர்ட் எழுதினாய். நானும் ஒன்று எழுதுகிறேன். இதை நான் யாருக்கும் எழுதியதில்லை.

அன்று சாயங்காலம் டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன் அவளை மடியில் வைத்து மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு நாற்பத்தெட்டு, இருக்க வேண்டியதில் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளின் நடுவில் தோல் உள்வாங்கியது. அதற்கு என்ன அர்த்தம் என்று புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒரு நிமிஷம் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் லீவு எடுத்திருந்தேன். மூன்றாவது கேட்டால் மேலே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன். மருந்து கொடுத்தாயிற்று, காலையில் இறங்கிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உன் அப்பாவிடம் அந்தக் கணக்கைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்னைப் போகவிட்டிருக்கமாட்டார். பஸ் ஏறிவிட்டேன். வார்டில் முப்பத்திரண்டு பேர். அத்தனை பேருக்கும் சரியாக எண்ணினேன்.

உனக்கு ஒன்பது வயது. சத்தம் நின்றால் தூங்கிவிட்டாள் என்று நினைக்கிற வயது. எனக்கு முப்பத்துநாலு, படித்தவள், என் கையாலேயே எண்ணிப் பார்த்தவள். தெரியாமல் தூங்கியவன் நீ. தெரிந்தே போனவள் நான். இதை உன் அப்பா இருக்கும்போது அவரிடமும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் இருந்தும் தூங்கிவிட்டேனே என்று அவர் கடைசிவரை தன்னைத்தான் நொந்துகொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

உன் மேல் எனக்கு ஒரு நாளும், ஒரு விநாடியும் சந்தேகம் இருந்ததில்லை. நீயாவது மூச்சு விடுகிறாயா என்றுதான் பார்த்தேன்.

இதைப் படித்த பிறகு உனக்கு என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால் அது நியாயம்தான். குழந்தை பிறந்ததும் ஒரு வரி எழுதச் சொல். மருமகளை இடது பக்கமாகப் படுக்கச் சொல்.

அம்மா


ஜூன் 13

அம்மாவுக்கு,

இங்கே இருவரும் நலம். அவள் இடது பக்கமாகத்தான் படுக்கிறாள். நீ சாப்பிடுகிறாயா?

கோபம் வந்தது, மறைக்கவில்லை. அப்பா கடைசிவரை தன்னையே நொந்துகொண்டதை நினைத்துத்தான் அதிகம் வந்தது. இரண்டு நாள் வேலையிடத்தில் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ரோப்புக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. சுண்டு செத்த அந்த ஒரு ராத்திரி நம் இரண்டு பேருக்கும் நிமிஷம் நிமிஷமாகத் தெரிகிறது. அவள் உயிரோடு இருந்த நாலு வருஷத்தைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் அவள் போட்டோ ஒன்றுகூட மாட்டவில்லை. எனக்கு அவள் முகம் மறந்துவிட்டது, அம்மா.

நாம் இரண்டு பேரும் செய்தது இல்லையென்று ஆகிவிடாது. அதை இனி தனித்தனியாக வைத்திருக்க வேண்டாம்.

சனிக்கிழமை வருகிறேன். ஞாயிறு காலை வண்டிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பெட்டியைக் கட்டி வை. மூன்று மாதத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொள். வரமாட்டேன் என்று ஆரம்பிக்காதே. உன் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதச் சொல்கிறாள்: "எண்ணணும்னு தோணிச்சுன்னா எண்ணட்டும். லைட்டைப் போட்டுட்டு எண்ணச் சொல்லுங்க. என்னையும் எழுப்பச் சொல்லுங்க, நானும் கத்துக்கறேன்."

சுண்டுவின் போட்டோ எங்காவது வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அதையும் எடுத்துக்கொள். வண்டி இங்கே வந்து சேர எட்டு மணி நேரம் ஆகும். அவள் என்ன பேசுவாள், எதற்கு அடம்பிடிப்பாள், எப்படிச் சிரிப்பாள், ஒன்றும் எனக்கு நினைவில்லை. வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வா.

இப்படிக்கு,
சுண்டுவின் அண்ணன்